வயசைப் பார்க்காதீங்க, பிரேக்கைப் பாருங்க



கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் மணி அடித்த பிறகும் பாடம் நடத்துவேன் என்று உங்களுக்குத் தெரியும். பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் அக்கா மகன் வால்பாறைக்கு வந்திருந்தான். நான் ஜிப்ஸிக்கு அடியில் படுத்து முன் ஆக்சிலுக்கு ஆயில் மாற்றிக்கொண்டிருந்தேன். வெளியே தெரிந்தது என் இரண்டு கால்கள் மட்டும்தான். அதைப் படம் எடுத்து, "மாமாவுக்கு மட்டும் ரிட்டயர்மென்ட்டே கிடையாது" என்று எழுதி குடும்பக் குழுவில் போட்டுவிட்டான். அங்கிருந்து அது நம் பள்ளிக் குழுவுக்கும் வந்து சேர்ந்தது.

சாயங்காலத்துக்குள் ஆளாளுக்கு அறிவுரை. "வித்துத் தொலைங்க சார், பழைய இரும்பு விலையாவது கிடைக்கும்." "பென்ஷன் வருதே, தவணையில ஒரு புது வண்டி எடுக்கக் கூடாதா?" "ரெண்டரை லட்சம் கிலோமீட்டர் ஓடின வண்டி எப்ப கழுத்தறுக்கும்னு தெரியாது சித்தப்பா." இதெல்லாம் பாசத்தில் சொன்னது. கோபமில்லை. ஆனால் ஒருவர் எழுதியிருந்தார்: "வாத்தியாரா இருந்தவர் இப்படி கிரீஸ் கையோட கிடந்தா பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

இந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

முதலில் வண்டியைப் பற்றி. 2004 மாடல் மாருதி ஜிப்ஸி, 1,298 சிசி பெட்ரோல் எஞ்சின். ஜிப்ஸி நம் நாட்டில் 1985-ல் வந்தது, 2019 வாக்கில் பொதுமக்களுக்கான விற்பனை நின்றது. நான் கைமாற்றாக வாங்கியபோதே 1 லட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. இன்றைக்கு 2,63,000. எஸ்டேட் ரோட்டில், தேயிலைக்கு நடுவே, ஆனி ஆடி மழையில் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி இல்லாமல் போய்வர முடியாத இடங்கள் இங்கே இன்னும் உண்டு. பக்கத்தில் இருக்கிற சின்னக்கல்லார் தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை பெய்கிற இடங்களில் ஒன்று. சமவெளியில் இருந்துகொண்டு அறிவுரை சொல்பவர்கள் ஒரு ஜூலை மாதம் இங்கே வந்து பார்க்கலாம்.

என் கட்சியை ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன். பழைய வண்டி ஆபத்தில்லை, கவனிக்காத வண்டிதான் ஆபத்து. அந்தக் கவனிப்பைப் பணம் கொடுத்து முழுவதுமாக அடுத்தவர் தலையில் கட்ட முடியாது. பாதியாவது சொந்தக்காரன் கையால் நடக்க வேண்டும்.

இது புத்தகத்தில் படித்து வந்த ஞானம் இல்லை. உங்களில் பலருக்குத் தெரியாத ஒரு கதை இருக்கிறது. வீட்டிலேயே இரண்டு பேருக்குத்தான் முழுசாகத் தெரியும்.

எட்டு வருடம் முன்பு, ஓய்வு பெற்ற புதிது. நானும் என் மனைவியும் பேத்தியும் பொள்ளாச்சிக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். வால்பாறையிலிருந்து ஆழியாருக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. இறக்கத்தில் டாப் கியரிலேயே விட்டு, பிரேக்கை மிதித்து மிதித்து இறங்குவேன். எஞ்சின் சத்தம் குறைவு, பெட்ரோலும் மிச்சம் என்று நினைப்பு. அட்டகட்டி தாண்டிக் கொஞ்ச தூரம் நன்றாகத்தான் வந்தது. பதினாறாவது வளைவு தாண்டினதும் பெடல் மெத்தென்று இறங்கியது. அடுத்த மிதியில் தரை வரைக்கும் போய்விட்டது. பிரேக் இல்லை.

மூன்றாவது, இரண்டாவது என்று கியரை இழுத்துப் போட்டு, வண்டியை மலைப் பக்கம் ஒட்டி, மண் ஓடைக்குள் இடது சக்கரங்களை இறக்கி நிறுத்தினேன். வலது பக்கம் என்ன இருந்தது என்று அந்த ரோட்டில் போனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேத்தி பின்சீட்டில் பிஸ்கெட் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "தாத்தா, ஏன் இங்க நிறுத்தினீங்க? குரங்கு இருக்கா?" என்று கேட்டாள். என் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. என் கையைப் பிடித்திருந்த அவள் கை நடுங்கியது எனக்குத் தெரிந்தது.

இறங்கிப்போன பஸ்காரர் ஒருவரிடம் சொல்லி அனுப்பினேன். முக்கால் மணி நேரத்தில் கீழே பட்டறை வைத்திருக்கும் ஒருவன் பைக்கில் வந்தான். அவன் என் பழைய மாணவன். பேர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான், அதனால் போடவில்லை.

அவன் வருவதற்குள் ஒரு அதிசயம். பெடல் தானாகவே திரும்பக் கெட்டியாகியிருந்தது. "சரியாயிடுச்சுப்பா, நாமளே இறங்கிடலாம்" என்றேன். அவன் பானட்டைத் திறந்து, பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைக் கழற்றி எனக்குக் காட்டினான். டிகாஷன் மாதிரி கறுப்பாக இருந்தது.

"சார், இது எத்தனை வருஷத்து ஆயில்?"

எனக்குத் தெரியவில்லை. வாங்கிய நாளிலிருந்து அளவு குறைந்தால் ஊற்றியிருக்கிறேன், மாற்றியதே இல்லை. ஆறு வருடம் இருக்கும். வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பையன் மாதிரி நின்றேன்.

அவன் ரோட்டோரம் நின்றே பாடம் நடத்தினான். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புதுசாக இருக்கும்போது டாட் 3 ஆயில் 205 டிகிரி சூட்டுக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது தரம். ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். மலை இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் சக்கரத்துப் பக்கம் அந்தச் சூடு சுலபமாக வரும். ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழி. நாம் மிதிக்கிற மிதி குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும், பிரேக்குக்குப் போகாது. ஆறினால் குமிழி மறுபடி திரவமாகிவிடும், பெடல் கெட்டியாகும். அந்தக் கெட்டியை நம்பி மறுபடி இறங்குகிறவனைத்தான் அடுத்த வளைவு பிடிக்கும்.

நான்கு சக்கரத்திலும் பழைய ஆயிலை எடுத்துவிட்டு, புது டாட் 4 ஊற்றி, ஏர் எடுத்து, இரண்டாவது கியரில் எங்களுக்கு முன்னால் மெதுவாக வழி காட்டிக்கொண்டே இறங்கினான். ஆயில் விலை மட்டும் வாங்கிக்கொண்டான்.

இப்போது சொல்லுங்கள். அன்றைக்கு எங்களைக் கொல்லப் பார்த்தது வண்டியின் வயசா? இரண்டே வருடம் ஆன வண்டியிலும் இதே ஓட்டுதல் ஓட்டினால் பிரேக் சூடேறும். என் வண்டி எந்தத் தப்பும் செய்யவில்லை. கையேட்டில் மாற்றச் சொன்னதை மாற்றாத வாத்தியார்தான் தப்பு செய்தது.

அன்றிலிருந்து ஒரு 80 பக்க நோட்டுப் போட்டேன். வருகைப் பதிவேடு மாதிரி கோடு போட்டு, தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, செலவு, அடுத்து எப்போது என்று ஐந்து கட்டம். இப்போது நான்காவது நோட்டு ஓடுகிறது. பழைய வண்டி வைத்திருக்கும் யாருக்கும் நான் சொல்லும் முதல் வேலை இந்த நோட்டுதான். இரண்டாவது, அந்த வண்டியின் கையேட்டைத் தேடி வாங்கிப் படிப்பது.

நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிக்கு ஆயில் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று நம் குழுவில் கேட்டுப் பாருங்கள். "எஞ்சின் ஆயில்" என்று ஒரு விரல் நீட்டுவார்கள். என் ஜிப்ஸியில் ஐந்து இடம்: எஞ்சின், கியர்பாக்ஸ், முன் பின் இரண்டுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல். பிரேக் ஆயிலும் ரேடியேட்டர் கூலன்ட்டும் தனி. எஞ்சின் ஆயிலை மட்டும் தவறாமல் மாற்றிவிட்டு, "சர்வீஸ் பக்காவா பண்றேன், ஆனாலும் கியர் ஊளையிடுது" என்று புலம்புகிறவர்கள் மற்ற நான்கையும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

இதை வீட்டு வாசலிலேயே செய்யலாம். ஒரே ஒரு விதி. கீழே வடிக்கிற நட்டைக் கழற்றும் முன், மேலே ஊற்றுகிற நட்டு கழலுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய வண்டியில் அது துருப்பிடித்து இறுகியிருக்கும். கீழே வடித்துவிட்டு மேலே திறக்க முடியாமல் போனால், ஆயில் இல்லாத வண்டி வாசலில் நிற்கும். வடித்த ஆயிலையும் பாருங்கள். பால் கலந்த காபி மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடையில் இறக்கி ஏற்றிய வண்டிகளில் இது சகஜம். ஆக்சில் மேல் மூச்சுவிடும் சின்னத் துளை ஒன்று இருக்கும். அது சேற்றில் அடைத்துக்கொண்டால் உள்ளே சூட்டில் விரியும் காற்று ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். சீலை மூன்று தடவை மாற்றியும் ஒழுகுகிறது என்பவர்கள் அந்தத் துளையை ஒரு கம்பியால் குத்திப் பாருங்கள்.

முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் சக்கர பேரிங். நிற்காவிட்டால் உள்ளே கிங் பின் பேரிங். இந்த ஒரு நிமிஷச் சோதனை தெரிந்தால் பட்டறையில் யாரும் உங்களிடம் கதைவிட முடியாது.

கதை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. முன்னால் போகும்போதும் ரிவர்ஸ் எடுக்கும்போதும் அடியில் 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. கோயமுத்தூரில் கண்ணாடிக் கதவும் ஏ.சி. ஹாலும் வைத்த ஒரு சர்வீஸ் நிலையத்துக்கு மகன் அழைத்துப் போனான். கோட் போட்ட தம்பி ஒருவர் கம்ப்யூட்டரைப் பார்த்தே டிரான்ஸ்ஃபர் கேஸ் முழுசாக மாற்ற வேண்டும், ₹60,000 ஆகும் என்றார். வண்டிக்கு அடியில் அவர் குனியக்கூட இல்லை. நான் வீட்டுக்கு வந்து, புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் திருப்பிப் பார்த்தேன். கிராஸ் இரண்டும் தேய்ந்து கடகடவென்று ஆடியது. கிரீஸ் கன் பார்த்து எத்தனை வருடமோ. இரண்டு கிராஸும் சேர்த்து ₹2,000-க்குள் முடிந்தது. மாதம் ஒரு முறை அங்கே கிரீஸ் அடித்திருந்தால் அதுவும் ஆகியிருக்காது.

அடுத்தது நம் இளவட்டங்களுக்கு. என் அக்கா மகனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவன் வண்டியைப் 'அப்கிரேட்' பண்ணச் சொல்கிறான். உயரம் ஏற்றணுமாம், 235/75 ஆர் 15 டயர் போடணுமாம், மேலே நீளமான எல்.இ.டி. லைட் கட்டணுமாம். ரீல்ஸில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

கணக்குப் போடுவோம். ஜிப்ஸியின் கம்பெனி டயர் 205/70 ஆர் 15. அதன் மொத்த உயரம் சுமார் 668 மில்லிமீட்டர். அவன் சொல்கிற டயர் சுமார் 733. கிட்டத்தட்ட 10 சதவீதம் பெரியது. அப்படியானால் ஸ்பீடோமீட்டர் 50 என்று காட்டும்போது நீங்கள் உண்மையில் 55-ல் போகிறீர்கள். சக்கரம் பெரிதானால் அதே நிறுத்தத்துக்கு பிரேக் 10 சதவீதம் அதிகம் பிடிக்க வேண்டும். பிரேக் அதே பழைய பிரேக். உயரம் ஏற்றினால் வளைவில் சாய்கிற சாய்வும் அதிகம். போதாததற்கு, ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதற்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியிருக்கிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்கிற கேள்வி இதுதான்.

டயரில் இன்னொரு விஷயம். என் வகுப்பில் ஒருவன் கேட்டான், "பிதாகரஸ் தேற்றம் எதுக்கு சார் ஆகப்போகுது?" என்று. அன்றைக்கு எனக்குச் சரியான பதில் தெரியாது. இன்றைக்குச் சொல்கிறேன், எங்கிருந்தாலும் படித்துக்கொள்ளப்பா. ஜிப்ஸியின் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடைவெளி 2.375 மீட்டர். ஒரு கொண்டை ஊசி வளைவில் பின் ஆக்சிலின் நடுப்புள்ளி 5 மீட்டர் ஆரத்தில் திரும்பினால், முன் ஆக்சில் எந்த ஆரத்தில் திரும்பும்? 5-ஐயும் 2.375-ஐயும் தனித்தனியே வர்க்கம் எடுத்துக் கூட்டி, வர்க்கமூலம் காணுங்கள். 5.53 மீட்டருக்குச் சற்று மேல். அரை வட்டம் திரும்பி முடிக்கும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட ஏறக்குறைய 1.7 மீட்டர் அதிக தூரம் ஓடியிருக்கும்.

இப்போது ஜிப்ஸியில் நான்கு சக்கர இழுப்பைப் போட்டால் முன்னும் பின்னும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். நடுவில் வித்தியாசத்தைச் சமன் செய்ய எதுவும் இல்லை. அந்த 1.7 மீட்டர் எங்கே போகும்? சேற்றில் என்றால் டயர் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க இடமில்லை. முறுக்கம் ஷாஃப்டிலும் கிராஸிலும் பல்சக்கரத்திலும் ஏறும். அதனால்தான் தார் ரோட்டில் அதைப் போடக் கூடாது என்கிறோம். எப்போதும் நான்கு சக்கரமும் ஓடும் புது 'ஆல் வீல் டிரைவ்' வண்டிகளில் நடுவில் ஒரு டிஃபரன்ஷியலோ கிளட்சோ இந்த வேலையைச் செய்யும். ஆனால் அங்கேயும் முன்னால் புது டயரும் பின்னால் தேய்ந்த டயரும் போட்டால் சுற்றளவு மாறி, நேர் ரோட்டில்கூட அந்த நடுப்பகுதி ஓயாமல் உழைத்துத் தேயும். இப்படிப்பட்ட வண்டிகளுக்கு நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே ரகம், ஏறக்குறைய ஒரே தேய்மானம் இருக்க வேண்டும். "ரெண்டு மட்டும் இப்ப மாத்திக்கலாம்" என்கிற சிக்கனம் இங்கே செல்லாது.

அப்படியானால் அப்கிரேடே வேண்டாமா? வேண்டும். நான் செய்ததைச் சொல்கிறேன், வரிசையாக. முதலில் நிற்பது: பிரேக் ரப்பர் ஹோஸ்கள் எல்லாம் புதிது, ஆயில் டாட் 4, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றம். அடுத்து பிடிப்பது: நான்கு டயரும் ஸ்டெப்னியும் கம்பெனி அளவில் புதிது. டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-வது வாரம் செய்தது. தேயாத டயரும் ரப்பர் காய்ந்து வெடித்துப்போகும், அதனால் வாங்கும்போதே பாருங்கள். அடுத்து தெரிவது: பழைய ஸ்விட்ச் வழியாக ஓடிய ஹெட்லைட் மின்சாரத்தை ரிலே போட்டு பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்தோம். பல்பு அதே பல்பு, வெளிச்சம் மட்டும் கூடிவிட்டது. எதிரே மூடுபனியில் வருபவன் கண்ணைக் குருடாக்கவில்லை. அடுத்து பெட்ரோல் குழாய்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டி வரலாம் என்று அரசே சொல்லியிருக்கிறது. எத்தனாலில் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. மைலேஜ் சற்று இறங்கினால் எஞ்சினைத் திட்டாதீர்கள். கடைசியாக, மழைக்காலம் முடிந்ததும் அடிப்பக்கம் முழுதும் கழுவி, துரு சுரண்டி, பெயின்ட்.

இதில் ஒன்றுகூட ரீல்ஸ் போட லாயக்கில்லை. வாசலில் நிற்கும் வண்டியைப் பார்த்தால் பத்து வருடம் முன்பு இருந்த மாதிரியே இருக்கும்.

புது வண்டியில் இருக்கும் சில நல்லவை இதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஏ.பி.எஸ். இல்லை, ஏர்பேக் இல்லை. மோதினால் புது வண்டி காப்பாற்றுகிற அளவுக்கு இது காப்பாற்றாது. அதனால் பின்னால் பக்கவாட்டு பெஞ்சில் குழந்தைகளை ஏற்றுவதை நிறுத்திவிட்டேன். கோயமுத்தூர், சென்னை என்று நான்கு வழிச் சாலைக்கு இதை எடுப்பதில்லை, பஸ்ஸில் போகிறேன். மலைக்குள், 40-க்கு மேல் போகாத ரோட்டில், வருடத்துக்கு நாலாயிரம் கிலோமீட்டர். அதற்கு இது போதும். தினமும் நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போகிறவர் புது வண்டி வாங்கினால் நான் தடுக்க மாட்டேன். ஆனால் புதுசு வாங்கிவிட்டதால் கவனிக்க வேண்டியதில்லை என்று நினைத்தால், எட்டு வருடம் முன்பு நான் நின்ற இடத்தில் நீங்களும் நிற்பீர்கள்.

சட்டமும் இதே தப்பைச் செய்கிறது என்பது என் வருத்தம். 15 வருடம் முடிந்தால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அப்புறம் 5 வருடத்துக்கு ஒரு முறை. சோதனை வேண்டும், அதில் எனக்கு எதிர்ப்பே இல்லை. ஆனால் காருக்கு ₹600 ஆக இருந்த கட்டணம் 2022-ல் ₹5,000 ஆனது. 2025-ல் 20 வருடம் தாண்டிய கார்களுக்கு ₹10,000 ஆக்கிவிட்டார்கள். நன்றாக வைத்திருப்பவனுக்கும் அதே ₹10,000, ஒழுக விட்டவனுக்கும் அதே ₹10,000. வயசுக்கு அபராதம் போடுகிறார்கள், அலட்சியத்துக்குப் போடவில்லை. 15 வருடத்துக்கு ஒரு முறை என்ன, 10 வயது தாண்டிய எல்லா வண்டியையும் வருடா வருடம் கூப்பிட்டு பிரேக்கையும் புகையையும் கறாராகச் சோதிக்கட்டும். தேறாதவனை நிறுத்தட்டும். தேறினவனை விட்டுவிடட்டும். பிறந்த தேதியைப் பார்த்து மதிப்பெண் போடுகிற தேர்வை எந்த வாத்தியாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

வீட்டில் வேலை செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு கண்டிப்பு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். சமதளத்தில் நிறுத்தி, எதிர்ச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, இரண்டு ஜாக்கி ஸ்டாண்டில் வண்டியை உட்கார வைத்து, தள்ளி ஆட்டிப் பார்த்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். செங்கல்லை அடுக்காதீர்கள், அது சொல்லாமல் நொறுங்கும். தனியாக வேலை செய்யாதீர்கள். அக்கா மகன் எடுத்த படத்தில் ஸ்டாண்டு இரண்டும் தெரிகிறது, பெரிதாக்கிப் பாருங்கள். பட்டை ஸ்பிரிங் கழற்றுவது, வெல்டிங், டைமிங் பெல்ட் இதெல்லாம் எனக்குத் தெரியாத பாடம். அதற்கு நான் ஆழியாருக்குத்தான் இறங்குகிறேன். பிரேக்கில்கூட முதல் மூன்று தடவை அவன் பக்கத்தில் நின்று பார்க்காமல் நான் தனியாகச் செய்ததில்லை.

இப்போது அந்தக் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். வாத்தியாராக இருந்தவர் கிரீஸ் கையோடு கிடந்தால் என்ன நினைப்பார்கள்?

அன்றைக்குப் பைக்கில் வந்தவனைப் பற்றி ஒரு விஷயம் மறைத்துவிட்டேன். அவன் எட்டாம் வகுப்பு படிக்கும்போது, பரீட்சைத் தாளைக் கையில் கொடுத்து, வகுப்பு முழுவதும் கேட்க நான் சொன்னேன்: "நீயெல்லாம் பட்டறையில கிரீஸ் டப்பா தூக்கத்தான்டா லாயக்கு." எல்லோரும் சிரித்தார்கள். அந்த வகுப்பில் இருந்த பத்துப் பேராவது இந்தப் பதிவைப் படிப்பீர்கள், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஞாபகம் இல்லாவிட்டாலும் அவனுக்கு இருக்கிறது. பிரேக்கில் ஏர் எடுக்கச் சொல்லிக்கொடுத்த நாளில் மெதுவாக அவனே சொன்னான். "அன்னிக்கு நீங்க சொன்னது பலிச்சிடுச்சுங்க சார்" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அவன் ஒருவனிடம் மட்டும் சொன்னதில்லை அது. பணியிலிருந்த காலமெல்லாம் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! படிக்காவிட்டால் மாடு மேய்க்கணும், பட்டறைக்குப் போகணும், கொழுந்து பறிக்கணும். கொழுந்து பறித்த கூலியில் பள்ளிக்கு வந்த பிள்ளைகளிடமே இதைச் சொல்லியிருக்கிறேன். கை அழுக்காகிற வேலை எல்லாம் தோற்றவனுக்கு என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அதனால்தான் இன்று நம் பிள்ளைகள் லட்சக்கணக்கில் கடன் வாங்கி வண்டி வாங்குகிறார்கள், அதன் பானட்டை எப்படித் திறப்பது என்று தெரிந்துகொள்ளக் கூச்சப்படுகிறார்கள். "பாக்கறவங்க என்ன நினைப்பாங்க" என்று என்னைக் கேட்டவரும் என் மாணவர்தான். அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு வாயில்லை. அந்தக் கேள்வியை அவருக்குக் கற்றுக்கொடுத்ததே நான்.

ஆகவே, எந்த வகுப்பின் முன்னால் சொன்னேனோ அந்த வகுப்பின் முன்னாலேயே சொல்கிறேன். அது தப்பு. என் மனைவியும் பேத்தியும் இன்று இருப்பது அந்தக் கிரீஸ் டப்பா தூக்கினவனால். மன்னித்துக்கொள்ளப்பா. பேர் போடவில்லை, ஆனால் உனக்குத் தெரியும்.

வண்டியை விற்கப் போவதில்லை. வருகிற இரண்டாம் சனிக்கிழமை காலை 8 மணிக்கு டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில் மாற்றுகிறேன். கற்றுக்கொள்ள விரும்பும் பெண்பிள்ளைகள், ஆண்பிள்ளைகள் யார் வேண்டுமானாலும் பழைய சட்டை போட்டுக்கொண்டு வரலாம். வீட்டம்மா டீயும் வடையும் போடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

மறுப்பு இருந்தால் தாராளமாகக் கீழே எழுதுங்கள். ஆனால் எழுதும் முன் உங்கள் வண்டியில் பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்ற தேதியை முதல் வரியில் போட்டுவிட்டு எழுதுங்கள். தேதி இல்லாத விடைத்தாள் திருத்தப்பட மாட்டாது.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்